கனவு கேட்க வந்த வைரக்காரர்

அத்தியாயம் ஒன்பது

கோஹினூர் வைரம் லண்டனில், ராஜ கிரீடத்தில் இருக்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இல்லையில்லை, அதில் ஒரு துண்டு திருத்தணி மலையடிவாரத்தில் ஓர் அம்மாளின் தலையணைக்கு அடியில் இருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால் நாம் என்ன செய்வோம்? சிரிப்போம். கயல்விழியும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு பஸ் ஏறினாள். சிரிப்பதற்கு யாரும் ஃபீஸ் கொடுப்பதில்லை.

கயல்விழிக்கு நாற்பத்தாறு வயது. புரசைவாக்கத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே அவளுடைய துப்பறியும் நிலையம். ‘உண்மை மட்டுமே சொல்லப்படும்’ என்று வாசலில் போர்டு. பல் பிடுங்க வருகிறவர்கள் சிலர் வழி தவறி மாடியேறி வருவார்கள். அவர்களைத் தவிர பெரும்பாலும் வருவது கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, சம்பளம் சொன்னது நிஜமா, இத்தியாதி. ஊரார் கல்யாணத்தையெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறவள், தன் கல்யாணத்தை மட்டும் விசாரிக்காமல் செய்துகொண்டாள். அது சீக்கிரமே முடிந்தும் போயிற்று. இப்போது அயனாவரத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். ராத்திரி டிவியைப் போட்டுவிட்டுத் தூங்குவாள். பார்ப்பதற்கு அல்ல, வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்கட்டும் என்று.

பக்கத்து சீட்டில் சின்னசாமி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவளுடைய உதவியாளர், ஆனால் வயதில் அவளைவிடப் பெரியவர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், சொந்த ஊர் கனகம்மாசத்திரம். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறேன் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டில் மனைவி, இரண்டு மருமகள்கள், எண்ணிக்கை அவருக்கே சரியாகத் தெரியாத பேரப்பிள்ளைகள். அந்தக் கூச்சலுக்குத் தப்பித்துத்தான் துப்பறிய வந்ததாகச் சொல்லிக்கொள்வார்.

கேஸ் இதுதான். திருத்தணியில் கௌரியம்மாள், அறுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போட்டுக்கொண்டிருந்த குடும்பம். கணவர் போனபிறகு நிலத்தை விற்றாகிவிட்டது. ஒரே மகன் சந்திரமோகன் பெங்களூரில் இருக்கிறார். கௌரியம்மாளிடம் மிச்சமிருப்பது அந்த வீடும், காதில் கிடக்கிற ஏழு கல் வைரத் தோடும்தான். அந்தத் தோட்டுக்கு ஈடாக, கோஹினூரின் துண்டு ஒன்றைத் தருவதாக முருகவேல் என்கிற கல் தரகர் ஒருவர் வாசலில் நின்று பேசியது பக்கத்து வீட்டு அனிதாவின் காதில் விழுந்தது. மூன்று மாசமாகியும் அந்த ஆள் தினம் வந்துபோவதைப் பார்த்து அனிதா பெங்களூருக்குப் போன் போட்டாள். சந்திரமோகன் கயல்விழிக்குப் போன் போட்டார். இன்று சனிக்கிழமை. சாயங்காலத்துக்குள் அந்த ஆளைத் துரத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக் காலை காரோடு வந்து அம்மாவைத் தன் பதினான்காவது மாடி ஃபிளாட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவேன், வீட்டைப் பூட்டிவிடுவேன் என்றார் அவர். அம்மா வரமாட்டேன் என்று இரண்டு தடவை அழுதாராம். மூன்றாம் தடவை கேட்கப்போவதில்லையாம்.

முருகவேல் சாதாரண ஆளில்லை. போன அத்தியாயத்திலேயே சின்னசாமி தோண்டி எடுத்துவிட்டார்: நகரியில் ஒரு டீச்சரம்மாவிடம் இதே கதையைச் சொல்லி இரண்டு வளையல், சோளிங்கரில் ஒரு மளிகைக் கடைக்காரர் மனைவியிடம் ஓர் ஆரம். இரண்டு இடத்திலும் ஒரே வாரத்தில் வேலை முடிந்திருக்கிறது. ஆனால் திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்கு வந்தவர், ஐப்பசி மழை பிடித்தும் போகவில்லை. தினமும் சாயங்காலம் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் வருகிறார், அந்த வீட்டில் உட்கார்ந்து பேசுகிறார், விளக்கு வைக்கும் முன்னால் போய்விடுகிறார்.

"எக்ஸ்பிரஸ்ஸா ஓடின ஆளு மேடம். இங்க மட்டும் ஏன் எல்லா ஸ்டாப்புலயும் நிறுத்திகினு போறான்?" என்றார் சின்னசாமி.

கயல்விழியையும் அதுதான் அரித்துக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே காரணம், ராசி பார்க்கிற வழக்கம். இந்தப் பக்கத்தில் வைரம் வாங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் வாங்கிவிட மாட்டார்கள். கல்லை மஞ்சள் துணியில் முடிந்து மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார்கள். நல்ல கனவு வந்தால் கல் ஒத்துப்போகிறது, வாங்கலாம். பாம்பு, நெருப்பு, பல் விழுவது என்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். விற்கிறவர்தான் வந்து, என்ன கனவு என்று கேட்க வேண்டும். சரியாகத் தெரியவில்லை, இன்னும் மூன்று ராத்திரி பார்க்கிறேன் என்று சொன்னால் மறுக்கக் கூடாது. மறுத்தால் கல்லில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம், அப்பா, அம்மா, கைக்குழந்தை உட்பட, ஆளுக்கொரு சமோசாவோடு நின்றிருந்தது. மலை மேலிருந்து ஸ்பீக்கரில் பாட்டு வந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவே நடக்கும்போதுதான் கயல்விழிக்குத் தனியாக இருப்பது அதிகமாகத் தெரியும். எல்லோரும் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள். அவள் கேஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

கல் பொய் என்பதற்கு அவளிடம் சாட்சி இருந்தது, அதுவும் கோஹினூரே சொன்ன சாட்சி. பஞ்சாபிலிருந்து அந்தக் கல்லைக் கொண்டுபோன வெள்ளைக்காரர்களுக்கு அதன் மினுமினுப்பு போதவில்லை. லண்டன் ஜனம் வரிசையில் நின்று பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கியது. அதனால் திரும்பப் பட்டை தீட்டினார்கள். எடையில் கிட்டத்தட்ட பாதி போயிற்று. ஆனால் துண்டு துண்டாக வெட்டி எடுக்கவில்லை. சக்கரத்தில் வைத்துத் தேய்த்தார்கள்.

சின்னசாமி நின்றுவிட்டார். அப்படியானால் போன பாதி எங்கே என்று கேட்டார்.

"தூளாப் போச்சு. துண்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"இத்தனை ராஜாங்க அடிச்சிகினு செத்தது தூளுக்கா மேடம்?" என்று கொஞ்ச தூரம் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார். அப்புறம், அந்தக் கல்லைப் போட்ட ஆம்பளை எவனும் உருப்பட்டதில்லை, பொம்பளைங்க போட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார்களே, அது எப்படி என்று கேட்டார். அப்படி ஒரு பேச்சு உண்டு என்றாள் கயல்விழி. நம்ம வீட்டு ரேஷன் கார்டும் அப்படித்தான், பொம்பளை பேரில் இருந்தால்தான் ஒழுங்காக சர்க்கரை வருகிறது என்றார் சின்னசாமி.

கௌரியம்மாளின் வீடு சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில், சந்துக்குள் இருந்தது. மாடி போர்ஷன் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு நுழைவது கயல்விழியின் ஏற்பாடு. கேட்டாள். கௌரியம்மாள் உட்காரச் சொன்னார். மின்விசிறியைப் போட்டார். ஒல்லியான உடம்பு, வெளிறிய நீலப் புடவை, காதில் தோடு. மாடியில் எத்தனை ரூம், வெயில் அடிக்குமா என்று கயல்விழி விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

அப்புறம் சொன்னார்: "வீடு பாக்க வர்றவங்க மொதல்ல தண்ணி வருதானு கேப்பாங்கம்மா. நீ வந்ததுல இருந்து என் தோட்டையே பாத்துகினு இருக்க. என் புள்ள அனுப்பிச்சானா?"

இருபது வருஷமாக வேவு பார்க்கிறவள், மூன்றாவது நிமிஷத்தில் பிடிபட்டாள். சின்னசாமி மேலே சுற்றுகிற மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்.

கௌரியம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு ஆள் வந்த சந்தோஷம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன். காபி போடுகிறேன், குடித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று உள்ளே போனார்.

கூடத்தில் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் போட்டிருந்தது. பாதி ஆட்டத்தில் விட்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக் காய் புளியங்கொட்டை. இன்னொரு பக்கத்துக்கு உடைந்த பச்சை வளையல் துண்டுகள். அதில் ஒன்று மட்டும் பச்சை இல்லை. கயல்விழி குனிந்து எடுத்துப் பார்த்தாள். விரல் நுனி அளவுக்குக் கல், பட்டை தீட்டியது, வெளிச்சத்தில் கொஞ்சம் மினுங்கியது.

"இதுவா மேடம்?" என்று சின்னசாமி எட்டிப் பார்த்தார். "ராஜா தலையில உக்காந்துகினு இருந்தது, இங்க வந்து வளையல் துண்டுகூடக் கூட்டு சேந்துகிச்சே."

சிரிக்கிற விஷயமில்லை. கோஹினூர் என்று நம்புகிற யாரும் அதைத் தரையில் போட்டு விளையாட மாட்டார்கள். தலையணைக்கு அடியில், மஞ்சள் துணியில், கனவுக்குக் காத்திருக்க வேண்டிய கல் அது. இங்கே தாயம் ஆடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கௌரியம்மாளுக்குத் தெரியும்.

காபி வந்தது. கயல்விழி கல்லைத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். பட்டை தீட்டிய கதையைச் சொல்லி, கோஹினூருக்குத் துண்டே கிடையாது, இது கண்ணாடி என்றாள்.

"ஆங், தெரியும்மா," என்றார் கௌரியம்மாள். "அவரேதான் சொன்னாரு."

சின்னசாமிக்குக் காபி புரையேறியது.

நடந்தது இதுதான். முருகவேல் தினம் வந்து, என்ன கனவு என்று கேட்பார். கௌரியம்மாள் சரியாகத் தெரியவில்லை என்பார். அப்புறம் கல்லின் பெருமையை விளக்குவதற்காக முருகவேல் அதன் கதையை எடுப்பார். கிருஷ்ணா நதிக்கரையில் எங்கேயோ கிடைத்ததாகச் சொல்வதிலிருந்து தொடங்கினார். டெல்லி பாதுஷாக்கள் வந்தார்கள். பாரசீகத்திலிருந்து வந்தவன் அதைப் பார்த்த மாத்திரத்தில் ஒளிமலை என்று பெயர் வைத்து அள்ளிக்கொண்டு போனான். ஆப்கானிஸ்தான், அப்புறம் பஞ்சாப். ஒரு நாளைக்கு ஒரு ராஜா. ஒரு ராஜாவின் கண்ணைப் பிடுங்கிய நாளில் இருட்டுமுன்னே கதையை முடிக்க முடியாமல், கௌரியம்மாளுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இப்படி வந்து வந்து, புரட்டாசியில் கதை லண்டனைத் தொட்டது. கதை வேகத்தில் அந்த மனுஷன் தன்னை மறந்துவிட்டார். சக்கரத்தில் வைத்துத் தேய்த்தார்கள், பாதிக் கல் தூளாகப் பறந்துபோயிற்று, ஒரு பொட்டுகூட மிஞ்சவில்லை என்று கையை வீசிச் சொன்னார். சொன்னவர் அப்படியே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் கேக்காத மாதிரி எழுந்து போயி பாலைப் பாத்தேன்," என்றார் கௌரியம்மாள். "அடுப்புல பாலே இல்ல."

மறுநாள் அவர் வருவாரா மாட்டாரா என்று மதியத்திலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வந்தார். வழக்கம்போல, என்ன கனவு என்று கேட்டார். வழக்கம்போல, இன்னும் மூன்று ராத்திரி வைத்துப் பார்க்கிறேன் என்றார் இவர். இரண்டு பேரும் அதற்குமேல் கல்லைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்கு மழை. வெளியே போக முடியவில்லை. தாயம் போட்டார்கள், ஒரு காய் குறைந்தது, கல்லை வைத்துக்கொண்டார்கள்.

அவர் இல்லாத நேரத்தில் யாரோடு ஆடுவீர்கள் என்று கயல்விழி கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"ரெண்டு பக்கமும் நான்தான் உருட்டுவேன். எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் சொல்றதுக்கு ஆளு இல்ல, அவ்ளோதான்."

கயல்விழிக்கு அயனாவரம் வீட்டு டிவி ஞாபகம் வந்தது. அப்புறம் தொழில் ஞாபகம் வந்தது. அதெல்லாம் சரி, ஆனால் அந்த ஆள் இரண்டு பேரை ஏமாற்றியவர், ஒரு நாள் தோட்டைக் கேட்கத்தான் போகிறார், மறுபடி யோசியுங்கள் என்று சொன்னாள்.

கேட்க மாட்டார் என்றார் கௌரியம்மாள். முதல் நாள் வாசலில் நின்று கேட்டாராம். பேசிக்கொண்டே உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்து, தோட்டை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் இன்றுவரைக்கும் தோடு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

இதைச் சொல்லிவிட்டு டம்ளர்களை எடுக்கக் குனிந்தார். ஜன்னல் வெளிச்சம் காதில் விழுந்தது. கயல்விழி அப்போதுதான் பார்த்தாள். தோட்டுக்குப் பின்னால், திருகாணியைச் சுற்றி, காது மடலில் பச்சை படிந்திருந்தது. களிம்பு. கழுவிக் கழுவியும் போகாத பச்சை. தங்கத்துக்கு அது வராது. மலையடிவாரக் கடைகளில் கவரிங் நகை வாங்கிப் போட்ட எல்லோருக்கும் தெரிந்த பச்சை அது.

"எப்போ இருந்தும்மா?" என்றாள் மெதுவாக.

கௌரியம்மாள் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நேராகப் பதில் சொல்லவில்லை. அந்தக் கதையில் மறக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது, கேட்கிறாயா என்றார். கேட்கிறேன் என்றாள் கயல்விழி.

பஞ்சாபின் கடைசி ராஜா ஒரு சின்னப் பையன். பத்து வயதில் அவனிடம் கையெழுத்து வாங்கி ராஜ்ஜியத்தையும் கல்லையும் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவைப் பிரித்துவிட்டார்கள். அப்புறம் லண்டனுக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். சில வருஷம் கழித்து, மீசை அரும்புகிற வயதில், ஒரு நாள் ராணி அந்தக் கல்லை வரவழைத்து அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தானாம். ஜன்னல் வழியாக எறிந்துவிடுவானோ என்று சுற்றி நின்றவர்களுக்கு மூச்சு நின்றுபோயிற்றாம். அவன் எறியவில்லை. திரும்பி வந்து, வணங்கி, ராணியின் கையிலேயே வைத்துவிட்டான்.

"மனசாரக் குடுத்தான்னு பேசிகினாங்களாம். குடுக்காம இன்னா பண்ணுவான், பாவம்? அங்க அவனுக்கு வேற யாரு இருக்காங்க?"

ஸ்பீக்கரில் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது. கௌரியம்மாள் புடவைத் தலைப்பால் காது மடலைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"போன பொங்கலுக்கு மோகன் வந்தான். தோட்டுல அழுக்கு ஏறிகிச்சு, பெங்களூர்ல பாலீஷ் போட்டுக் கொண்டாறேன்னான். நானே என் கையால கழட்டிக் குடுத்தேன். மறு வாரம் திருப்பிக் கொண்டாந்து போட்டுவிட்டான். ரெண்டாம் நாளே காது அரிச்சிது. எங்க நைனா போட்ட தோடும்மா அது, கல்யாணத்துல இருந்து ஒரு நாளும் அரிச்சதில்ல."

"கேக்கலியா நீங்க?"

"கேட்டா, அவனுக்கு என் மூஞ்சப் பாக்க முடியாது. அப்புறம் போன் பண்றதும் நின்னுடும். அந்தப் பையனுக்குப் பத்து வயசு, எனக்கு அறுபத்தெட்டு. வித்தியாசம் அவ்ளோதாம்மா."

சின்னசாமி கீழே இருந்த டம்ளர்களைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார். அவருடைய சர்வீஸில் இது அபூர்வம்.

கயல்விழிக்குக் கேஸ் தலைகீழாகப் புரண்டது. தோட்டைத் திருட ஒரு ஆள் வந்திருக்கிறான், காப்பாற்றுங்கள் என்று கூப்பிட்ட கட்சிக்காரரே தோட்டை எடுத்தவர். தோடு போய்விடுமே என்று அவருக்குப் பயமில்லை. வைரம் தெரிந்த ஒருவர் தினமும் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே, என்றைக்காவது வாய் தவறிச் சொல்லிவிடுவாரே என்றுதான் பயம். அதற்காகத்தான் ஆளைத் துரத்த வேண்டும், முடியாவிட்டால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மகன் மனசு கோணக்கூடாது என்று அம்மா மூடி வைத்திருக்கிறார். அந்த அம்மா மனசு கோணக்கூடாது என்று ஒரு மோசடிக்காரர் மூடி வைத்திருக்கிறார். ஒரு ஜோடிக் கவரிங் தோட்டை வைத்துக்கொண்டு மூன்று பேர் மூன்று பக்கமாகத் தனியாக நிற்கிறார்கள்.

கயல்விழியின் செல்போன் அடித்தது. சந்திரமோகன். கௌரியம்மாள் பெயரைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் வந்த பயத்தைக் கயல்விழி லேசில் மறக்கப்போவதில்லை. "எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதம்மா," என்றார்.

கயல்விழி சந்துக்கு வந்து போனை எடுத்தாள். வேலை முடிந்ததா என்றார் சந்திரமோகன். பின்னால் டிராஃபிக் சத்தம் கேட்டது. அந்த ஆள் தோட்டை எடுக்க மாட்டார் என்றாள். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள், அவன் ஃபிராடு என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார்.

"அவர் கல் தரகர் சார். மூணு மாசமா எதிர்ல உக்காந்து அந்தத் தோட்டைப் பாத்துட்டு இருக்கார். அதுல எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னு அவருக்கு முதல் நாளே தெரியும்."

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் மட்டும் வந்தது. என்ன சொல்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. கோபப்படக்கூட இல்லை. வெகுநேரம் கழித்து, அடிக்குரலில், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

வாக்குமூலம் என்று தனியாக வேறு எதற்கு? கயல்விழி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். கௌரியம்மாள் புளியங்கொட்டைகளை எடுத்து மறுபடி கட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். காது முழுக்க இந்தப் பக்கம்தான் இருந்தது. புரசைவாக்கத்துப் போர்டு ஞாபகம் வந்தது. அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்து அவள் எத்தனையோ பேருக்கு உண்மையை எடுத்துச் சொல்லியிருக்கிறாள். கேட்டுவிட்டு யார் யார் தனியாகப் போனார்கள் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

"தெரியாது சார்," என்றாள்.

அவர் மூச்சை விட்டது கேட்டது. வேலை போன சமயம் மேடம், லோன் காரன் நெருக்கினான், திருப்பிச் செய்து போட்டுவிடலாம் என்றுதான் என்று ஆரம்பித்தார். அழுகிற குரல். அந்தக் கணக்கெல்லாம் தனக்கு வேண்டாம் என்று கயல்விழி நிறுத்தினாள். தெரியாமலே இருக்க வேண்டுமென்றால் மூன்று விஷயம் என்றாள். நாளைக்குக் கார் வரக்கூடாது, வீட்டையும் பூட்டக்கூடாது. அந்த மனுஷர் வந்து போவதைத் தடுக்கக்கூடாது. இன்னொன்று, இன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும், விசாரிக்க அல்ல, சும்மா பேச. அவர் சரி என்றார். இரண்டு தடவை சொன்னார்.

போனை வைத்துத் திரும்பினால், சந்து முனையில் முருகவேல் நின்றிருந்தார். மடக்கின குடை, மஞ்சள் பை, காலர் நைந்த வெள்ளைச் சட்டை. யார் என்று சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. சின்னசாமி ஏற்கெனவே பின்பக்கம் போய் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

நகரி, சோளிங்கர் என்று இரண்டே வார்த்தை சொன்னாள் கயல்விழி. அவர் மறுக்கவில்லை. இரண்டு நகையும் விற்கவில்லை, அறையில் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது, இங்கே வர ஆரம்பித்ததிலிருந்து வேறு எங்கும் போகவில்லை என்றார். அதையெல்லாம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், திங்கட்கிழமை சின்னசாமி உங்களோடு வருவார், கொடுக்காவிட்டால் அடுத்தபடி போலீஸ்தான் வரும் என்றாள். தலையாட்டினார்.

"டிக்கெட் காசு உம்முது," என்றார் சின்னசாமி.

கயல்விழிக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. தோடு கவரிங் என்று முதல் நாளே தெரிந்தும் ஏன் வந்துகொண்டே இருந்தீர்கள் என்று கேட்டாள். அவர் குடையின் பட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"இந்தக் கதைய எவ்ளோ ஊர்ல சொல்லியிருக்கேம்மா. எல்லாரும் கல்ல எப்பக் குடுப்பேன்னுதான் கேப்பாங்க. இவங்க ஒருத்தங்கதான், அப்புறம் இன்னா ஆச்சுனு கேட்டாங்க."

கயல்விழி வழியை விட்டாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே நாற்காலி இழுபட்டது.

"நேத்து இன்னா கனவும்மா?" என்று அவர் கேட்பது சந்து வரைக்கும் கேட்டது.

"பெரிய ஆறு. தண்ணி கொள்ளாம போகுது," என்று கௌரியம்மாள் ஆரம்பித்தார். மேற்கொண்டு என்ன என்று கயல்விழி நிற்கவில்லை. மூன்று ராத்திரிக்கு மேல் போகும் போலத் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. கட்சிக்காரரிடம் பொய் சொன்ன முதல் கேஸ் என்று கயல்விழி சொன்னாள். கண்டக்டர் வேலையில் அதற்குப் பெயர் சில்லறை இல்லை என்று சொல்வது, எல்லோரும் செய்கிறதுதான் என்று சின்னசாமி சமாதானம் சொன்னார். அப்புறம் மிச்சமிருந்த வேர்க்கடலையை உரிக்க ஆரம்பித்தார். கரும்பு லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. இருட்ட ஆரம்பித்தது.

கனகம்மாசத்திரத்தில் அவர் இறங்கினார். டீக்கடையருகே அவருடைய கூட்டத்தில் பாதி காத்திருந்தது. ஒரு குழந்தை அவர் பையைப் பிடுங்கியது, இன்னொன்று காலைக் கட்டிக்கொண்டது. அதையெல்லாம் இழுத்துக்கொண்டே ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, சிரித்துக்கொண்டு கேட்டார்.

"மேடம், நேத்து இன்னா கனவு கண்டீங்க?"

கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் கயல்விழிக்கு நேற்று நிஜமாகவே ஒரு கனவு வந்திருந்தது. காலையில் எழுந்து, பல் தேய்த்து, காபி போட்டு, பஸ் ஏறி, இவ்வளவு நேரமும் அதைச் சுமந்துகொண்டுதான் வந்திருந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்து அவள் வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதினார்கள். பஸ் நகர்ந்துவிட்டது.